எத்தனையாவது முறை?

வீட்டில் பிள்ளை ஒரு தவறு செய்துவிட்டால், அன்றைய தவறை மட்டும் நாம் கண்டிப்பதில்லை. போன மாதம் உடைத்த கண்ணாடி, அதற்கு முன் சொன்ன பொய் அனைத்தும் நம் நினைவுக்கு வருகின்றன. "இது எத்தனையாவது முறை?" என்று கேட்காத பெற்றோர் உண்டோ? இதே கேள்வியை ஓர் அரசு கேட்கும்போது, அதன் விடையைப் பொறுத்து ஒரு மனிதன் சிறையில் கழிக்கும் ஆண்டுகள் கூடவும் குறையவும் செய்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், கடுங்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் பின்னர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றமாகும். அதற்குரிய உச்சத் தண்டனை 2022 வரை 10 ஆண்டுகள், இப்போது 15. ஆனால் 1984-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வன்முறைக் குற்றத்திற்கோ கடுமையான போதைப்பொருள் குற்றத்திற்கோ மூன்று முறை தண்டனை பெற்றவரைத் தனியே பிரிக்கிறது. அக்குற்றங்கள் வெவ்வேறு தருணங்களில் நிகழ்ந்திருக்குமாயின், அவருக்குக் குறைந்த தண்டனையே 15 ஆண்டுகள். அது ஆயுள்வரையும் நீளலாம்.

இச்சட்டத்தின் நோக்கத்தை நாம் பழிப்பதற்கில்லை. இருட்டியபின் வாசலில் நிற்க அஞ்சும் தாய்மாரின் கண்ணீருக்கும், துப்பாக்கிக்கு மகனைப் பறிகொடுத்தோரின் துயருக்கும் அரசு விடை சொல்லியாக வேண்டும். ஆயினும், கடுமை மிகமிக, கணக்கிலும் கவனம் மிக வேண்டுமன்றோ?

ஒரு வழக்கைக் காண்போம். 1997-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் தம் கூட்டாளிகளுடன் ஒரு சேமிப்புக் கிடங்கினுள் புகுந்தார். நடுச்சுவர்களை உடைத்து உடைத்து, ஒரே இரவில் 10 அறைகளில் திருடினார். பல ஆண்டுகளுக்குப்பின், 2014-இல், டென்னசியில் அவர் வீட்டில் துப்பாக்கிகள் அகப்பட்டன. முதலில் பரிந்துரைக்கப்பட்ட தண்டனை 21 முதல் 27 மாதங்களே. அந்த 10 அறைகளையும் 10 தருணங்களாக எண்ணியதும், அது ஏறத்தாழ 16 ஆண்டுகளாயிற்று! அவர் மேல்முறையீடு செய்தார். இடைநிலை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022-இல் உச்சநீதிமன்றமோ, அந்த இரவு ஒரே தருணமே என்று கூறிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலினா கேகன். முடிவில் நீதிபதிகள் எவரும் மாறுபடவில்லை.

சட்டத்தின் சொற்களும் சோதிக்கப்பட்டன. பிறர் உடலுக்குத் தீங்கு நேரும் அபாயம் மிக்க பிற செயல்களும் வன்முறைக் குற்றமே என்ற பகுதி தெளிவற்றது என்று, நீதிபதி அன்டோனின் ஸ்காலியா எழுதிய 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனை நீக்கிற்று. முன்னரே சிறைப்பட்டோர்க்கும் அது பொருந்தும் என 2016 ஏப்ரலில் தெளிவாயிற்று. ஆனால் மனுச் செய்ய ஓராண்டே தவணை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அது முடிவதாயிருந்தது. வழக்கமான மேல்முறையீட்டிற்கோ, தீர்ப்புப் பதிவான நாள்முதல் 14 நாட்களுக்குள் அறிவிப்புத் தரவேண்டும். சிறைக்குள் இருப்பவர்க்கு நாட்காட்டியும் ஒரு நீதிபதியே.

2024-இல் இன்னுமொரு கதவு திறந்தது. குற்றங்கள் வெவ்வேறு தருணங்களில் நிகழ்ந்தனவா என்பதை நீதிபதி தனித்து முடிவு செய்யலாகாது. ஜூரியார் ஒருமனதாக, ஐயத்திற்கிடமின்றிக் காணவேண்டும் என்று உச்சநீதிமன்றம் விதித்தது.

இவ்வாறு முறையிடுவோர் அனைவரும் குற்றமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவர்களிற் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டவரே. செய்ததற்குமேல் எண்ணாதீர் என்பதே அவர்களுடைய வேண்டுகோள். வெளியே காத்திருக்கும் மனைவியும் மக்களும் அதே ஆண்டுகளை ஒவ்வொன்றாய் எண்ணுகின்றனர். தவறியவனைத் தண்டிப்பது நீதி. அவன் தவறுகளைச் சரியாக எண்ணுவதும் நீதியே. இதனை நாட்டின் நீதிமன்றங்களிடம் எதிர்பார்க்கும் நாம், நம் வீட்டுத் திண்ணையிலும் மறவாதிருப்போமாக.