இரண்டு துப்பாக்கி வீடு

அமெரிக்காவில் மான்டானாவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். வேட்டைக்காரர். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிய மாட்டார். அச்சில் செலுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி மருந்து நிரப்புவார். 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட '30-06' ரகத் தோட்டா அது.

அன்று புது அச்சு வாங்கவேண்டும். கழுத்தை மட்டும் இறுக்கும் அச்சா, கூடு முழுவதையும் இறுக்கும் அச்சா? "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றேன், ஒன்றும் தெரியாதவனுக்கு உரிய துணிச்சலோடு.

அவர் பொறுமையாகச் சொன்னார். வெடிக்கும்போது கூடு விரிந்து அந்தத் துப்பாக்கியின் அறைக்கேற்ற வடிவம் பெற்றுவிடுகிறது. கழுத்தை மட்டும் இறுக்கினால் பித்தளைக்கு அலைச்சல் குறைவு. ஆனால் அதே துப்பாக்கிக்குத்தான் நிச்சயமாக ஆகும். முழுவதும் இறுக்கினால் அந்த ரகத்தில் எதற்கும் ஆகும். ஆனால் கழுத்துக்குக் கீழே சரியும் தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு தள்ளினால் போதும். அதிகம் தள்ளினால், சுடும்போதெல்லாம் நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து, ஒருநாள் இரண்டாக அறும். கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம்!

கடையில் முழு அச்சையே வாங்கினார்.

"பையனிடமும் ஒரு துப்பாக்கி இருக்கிறது" என்றார். "என்னுடையதற்குப் பழகிய கூடு அவனுடையதில் சிக்கிக்கொள்ளக் கூடாது."

வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை.