பிடிஎஃப் பட்டாவும் ஒன்றரை ஏர் கிணற்றடியும்

எங்க கூட்டுப்பட்டாவில் மொத்தம் 23 உட்பிரிவு. கோவளத்துக்கு மேற்கே, சவுக்குத் தோப்பு ஓரம் கொஞ்சம், உப்பளம் பக்கம் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிற துண்டுகள். அப்பா, இரண்டு சித்தப்பா, ஒரு அத்தை என்று நாலு பங்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுறதுக்கு முன்னாடி எந்தத் துண்டு எவ்வளவு, யாருக்கு எதுன்னு ஒரு கணக்குத் தாள் வேணும். அதைப் போடும் வேலை எனக்கும் சித்தப்பா பையனுக்கும் வந்தது.

பட்டா எடுப்பது இப்போ சுலபம். அரசு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்தால் பிடிஎஃப் இறங்கிடும். புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், தீர்வை என்று கட்டம் கட்டி அழகா இருக்கும். ஆனா அதை எக்செல்லுக்குக் கொண்டுபோகப் பார்த்தால்தான் தெரியும், அது அட்டவணையே இல்லை என்று.

1993ல் அடோபி நிறுவனம் பிடிஎஃப்பைக் கொண்டு வந்தபோது, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியணும் என்பதுதான் நோக்கம். இந்த எழுத்து இடப்பக்கத்திலிருந்து இவ்வளவு தள்ளி, இவ்வளவு உயரத்தில் என்று மட்டும் அதில் குறித்திருக்கும். கட்டம் வெறும் கோடு. எந்த எண் எந்தக் கட்டத்துக்குச் சொந்தம் என்பது பெரும்பாலும் கோப்புக்கே தெரியாது. பிரித்தெடுக்கும் மென்பொருள் இடைவெளியையும் கோட்டையும் பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் என்றால் கூடுதல் தொல்லை. பல பிடிஎஃப்களில் ‘கோவளம்’ என்பதைக் காப்பி பண்ணி ஒட்டினால் ‘ேகாவளம்’ என்று விழும். கொம்பு முன்னாடி போய் உட்கார்ந்துக்கும். நல்லவேளை, எங்களுக்கு வேண்டியது எண்கள்தான்.

அதிலும் இரண்டு கண்ணி. பட்டாவில் பரப்பு ஹெக்டேர் - ஏர் என்று இருக்கும். (ஏர் என்றால் கலப்பை இல்லைங்க, 100 சதுர மீட்டர். ஏறக்குறைய 2.47 சென்ட்.) ‘0 - 24.50’ என்று ஒரே கட்டத்தில் வந்து விழுந்தால் எக்செல் அதை எழுத்தாகத்தான் பார்க்கும், கூட்டச் சொன்னால் பூஜ்யம் காட்டும். அந்தக் கோட்டை வைத்து இரண்டாகப் பிரித்து, ஹெக்டேரை நூறால் பெருக்கி ஏருடன் சேர்க்கணும். அடுத்தது சர்வே எண். 12/3 என்று அடித்தால் அது மார்ச் 12 ஆகிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைப்பதுதான் வழி. இது நம்ம தலைவலி மட்டும் இல்லை. மார்ச்1, செப்ட்1 மாதிரிப் பெயருள்ள மனித மரபணுக்கள் தேதியாக மாறித் தொலைத்ததால், 2020ல் விஞ்ஞானிகள் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். நம்ம சர்வே எண்ணை யார் மாற்றுவது?

தம்பி ஒரு மணி நேரத்தில், “முடிஞ்சுது அண்ணா, எல்லாம் வந்துடுச்சு” என்றான். பட்டாவின் அடியில் மொத்தப் பரப்பு அச்சாகியிருக்கும் இல்லையா, அதோடு சரிபார்க்கச் சொன்னேன். பட்டாவில் 1 - 86.50. எங்க தாளில் 185 ஏர். ஒன்றரை ஏர் குறையுது, அதாவது நாலு சென்ட்டுக்கும் கீழே.

“விடுண்ணா, ரவுண்டு பண்ணிக்கலாம்” என்றான்.

வரிகளை எண்ணினேன். 22 தான் இருந்தது. பட்டா இரண்டாம் பக்கத்துக்குப் போகும் இடத்தில், அந்தப் பக்கத்தின் முதல் வரியை மென்பொருள் தலைப்பு வரி என்று எடுத்துக்கொண்டு மேலே தூக்கி வைத்திருந்தது. தலைப்பு கூட்டலில் சேராது. அந்த வரி எதுன்னு பார்த்தால், கிணற்றடி.

சுற்றுவட்டத்தில் பல கிணறு உப்பு கரித்துப்போய் வருஷமாச்சு. கடல் எட்டிப் பார்க்கும் தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறுவது எங்களுக்கு இந்த ஒன்றில்தான். இலவச மின்சார இணைப்பும் அதில்தான். இந்தத் தாளை அப்படியே பத்திர எழுத்தரிடம் கொடுத்திருந்தால் பத்திரத்தில் கிணறே இருந்திருக்காது. நாலு வீடும் காலத்துக்கும் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கும்.

நீங்களும் வீட்டுமனை, பூர்வீக நிலம் என்று பட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால்: முதலில் வரியை எண்ணுங்க, அப்புறம் கூட்டுங்க. டாபுலா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு, பத்திரிகைக்காரர்கள் உருவாக்கியது. அட்டவணையைச் சுற்றி நாமே கட்டம் இழுத்துக் காட்டலாம். நம்ம கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யும், குடும்பப் பெயரெல்லாம் இருக்கிற காகிதத்தை முகம் தெரியாத தளத்தில் ஏற்ற வேண்டியதில்லை. ஸ்கேன் பண்ணின பழைய பத்திரத்துக்கு மட்டும் அது உதவாது. அது வெறும் படம்.

கிணற்றடியை யாருக்கும் பிரிக்காமல் பொதுவில் வைப்பது என்று அத்தை சொன்னதை எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. தம்பி எக்செல்லில் ‘தண்ணி முறை’ என்று இன்னொரு பத்தி சேர்த்திருக்கான். அத்தைக்கு வெள்ளிக்கிழமை வேணுமாம். அடுத்தது வில்லங்கச் சான்று. அதில் ஒரே கட்டத்துக்குள் ஏழெட்டு வரி இருக்கு, பொங்கலுக்குள் முடிக்கப் பார்க்கிறோம்.