ஒரு கறுப்புப் புள்ளி

கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்கு எதிர்மேட்டில் நானும் மூன்று சிநேகிதர்களும் மூன்று நாள் தவங்கிடந்தோம். நாங்கள் தேடிப்போனது கொண்டைக் கழுகு. 1878-ல் லெக் என்ற ராணுவ அதிகாரி இலங்கையிலிருந்து விவரித்து, கெலார்ட் என்ற வைத்தியரின் பெயரைச் சூட்டிய பக்ஷி அது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலுமே அதன் வாசம். அடர்ந்த மரக்கிளையில் அசையாது உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்கும் சுபாவமாகையால், வெயிலேறிக் காற்றுச் சூடாகி, அதுவாக மனம்வைத்து ஆகாயத்தில் எழும்பினால்தான் நமக்குத் தரிசனம்.

இரண்டு நாளும் மூடுபனி. மூன்றாம் நாள் பத்து மணிக்கு, "அதோ!" என்று மூவரும் ஏககாலத்தில் கூவினார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருகுவதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி முகட்டுக்கப்பால் மறைந்துவிட்டது. காக்கையாகவும் இருந்திருக்கலாம்!

இரவு மூவரும் தத்தம் நோட்டுப் புத்தகத்தில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். "நீங்களும் எழுதுங்கள், ஸார். நாங்கள் பார்த்தது நீங்கள் பார்த்த மாதிரிதானே?" என்றார் ஒருவர்.

பத்து வருஷத்து ஆசை. பேனாவைத் திறந்தும் விட்டேன். ஆனால் பக்கத்துப் பையனைப் பார்த்து விடை எழுதிய ஒருவனை முந்தின வாரந்தான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். "பார்த்தேன் ஸார், அப்புறந்தான் எழுதினேன்" என்று அவன் சொன்னது இப்போது காதில் விழுந்தது.

தேதியும் இடமும் எழுதி, கீழே, "ஒரு கறுப்புப் புள்ளி" என்று குறித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.