ஒரு முகவரி, பல கோலம்

நம் கல்லூரியில் நன்னூல் பயின்ற எனக்கு, இன்று அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் தமிழாசிரியப் பணியோடு கணினிக்கூடத்தின் திறவுகோலும் வாய்த்திருக்கிறது.

அங்குள்ள லினக்ஸ் கணினிகளின் முகவரிகளைத் திரட்ட மாணவனொருவன் சிறு நிரல் எழுதினான். 'ஐஎஃப்கான்ஃபிக்' என்னும் கட்டளை தரும் விடையில் 'அட்ர்:' என்ற சொல்லைத் தேடி, அதனையடுத்த எண்ணைக் கொய்வது அதன் வேலை. பழைய கணினிகளில் பழுதின்றி நடந்தது. புதியனவற்றில் ஒன்றும் கிட்டவில்லை. கவனமின்மை என்று அவனைக் கடிந்தேன். தவறு என்னுடையது. கட்டளையின் பிற்பட்ட பதிப்பு அச்சொல்லையே கைவிட்டிருந்தது!

வலைமறைப்பெண்ணின் கதையும் இதுவே. லினக்ஸில் 255.255.255.0 என்று காட்டும் அக்கட்டளை, மாக் கணினியில் அதனையே எஃப் ஆறும் சுழி இரண்டும் அடுக்கிய பதினறும எண்ணாகக் காட்டும். 'ஐபி' என்னும் புதிய கட்டளையோ /24 என்று முடித்துவிடும். மூன்றும் குறிப்பது இருபத்துநான்கு ஒன்றுகளும் எட்டுச் சுழிகளுமே. மனிதன் இதை உய்த்துணர்வான், நிரல் உணராது.

இலிகிதர்களும் உணர்ந்ததில்லை. தோட்டப் பதிவேட்டில் ராமன் ஆகிய என் பாட்டனார், தந்தையாரின் பிறப்புச் சான்றிதழில் இராமசாமி. 1948ஆம் ஆண்டின் சட்டம் எம்மவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய பின், அவ்விருவரும் ஒருவரே என நிறுவத் தந்தையார் ஏறி இறங்கிய படிகள் பல. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது அவர் முதுமையெய்தியிருந்தார்.

'ஐபி'யுடன் '-ஜே' என்ற குறியை இட்டால் நிரல் படிக்கத்தக்க ஒழுங்கில் விடை வருமென்று அம்மாணவன் கண்டு திருத்திவிட்டான். பழைய கணினிகள் இரண்டு மட்டும் அக்குறியை அறியாமல் இன்னும் பிழை காட்டுகின்றன.