ஒரு விரல் சுண்ணாம்பு

வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்காட்டுப் பக்கம் போகையில் இன்னும் முழுதாக விடியவில்லை. மணல்மேட்டில் பனைகள் கறுப்பாக நின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது இந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அப்படி நின்ற மரம் ஒன்றின் அடியில் காத்திருந்தேன். உச்சியில் இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல்.

காலில் தளைநார், இடுப்பில் பாளை அருவாள் வைத்த பெட்டி, கையில் கலயத்தோடு இறங்கினார். பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி நீட்டினார்.

"குடிங்க தம்பி. வெயில் ஏறிட்டா இந்த ருசி இருக்காது."

நல்ல இனிப்பு. அடிநாக்கில் சுண்ணாம்பின் மெல்லிய கார்ப்பு. தொண்டை தாண்டிய பிறகும் பனையின் வாசம் மூக்கில் நின்றது.

பாளையைக் கடிப்பு என்ற இடுக்கியால் நாள்கணக்கில் இதமாக நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் பாளை கெடும், குறைந்தால் ஊறாது. பிறகு காலையும் மாலையும் ஏறி நுனியைச் சீவ வேண்டும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்துபோகும். காய்ச்சல், கல்யாணம், துக்கம் எதுவானாலும் அந்தந்த வேளைக்கு மரம் ஏறியே ஆக வேண்டும்.

"கலயத்துல சுண்ணாம்பு தடவலைன்னா என்ன ஆகும், ஐயா?"

"விடியறதுக்குள்ள பொங்கிக் கள்ளாயிடும். ஒரு விரல் சுண்ணாம்புதான் தம்பி ரெண்டுக்கும் நடுவுல நிக்குது."

பனஞ்சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைத் தொட்டதுமே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுத்து நிறுத்துகிறது. வேதாரண்யத்தில் எனக்குக் கிடைத்தது அப்படி நிறுத்தப்பட்ட சுவை. நிறுத்தாத சுவைக்கு எல்லை தாண்ட வேண்டியிருந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. இதே ஊருக்கு 1930இல் உப்பு அள்ள வந்த ராஜாஜி, 1937இல் சென்னை மாகாண முதல்வராகிச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். குடியால் குடும்பங்கள் அழிவதைக் கண்டவர்களின் கவலையில் பிறந்த தடை அது. அந்தக் கவலையை நானும் மதிக்கிறேன்.

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், நாகூர் கடந்து வாஞ்சூரைத் தொட்டால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. காரைக்கால் வட்டாரத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. கீற்றுக் கொட்டகைக்குள் மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்துத் தரச் சொன்னேன்: அன்று காலையில் இறக்கிய தென்னங்கள், காலையில் இறக்கிய பனங்கள், முந்தின மாலையில் இறக்கிய பனங்கள்.

தென்னங்கள் மோர்போல வெளுத்திருந்தது. இளநீரை நினைவூட்டும் மணம், லேசான நுரை, நாக்கில் தங்காமல் ஓடும் இனிப்பு. பனங்கள்ளுக்கு உடம்பு கனம். இனிப்புக்கு அடியில் ஈர மண்ணும் மண்பானையும் கலந்த வாசனை; விழுங்கிய பிறகு ஒரு சின்னத் துவர்ப்பு. மூன்றாவது டம்ளரில் இனிப்பு ஒதுங்கிப் புளிப்பு முன்னால் வந்திருந்தது. பழைய சோற்று நீரின் புளிப்பு அல்ல, பச்சை மாங்காயின் கூர்மை. இன்னும் ஒரு நாள் போனால் அது காடியாகிவிடும். பனங்கள் இரண்டும் ஒரே மரத்தில் இறங்கியவை என்றார் கடைக்காரர். இரண்டுக்கும் இடையே இருந்தது ஓர் இரவு மட்டும்.

பெங்களூரில் இப்படித்தான் பியர்களை வரிசையாக வைத்துச் சுவைத்திருக்கிறேன். அங்கே வேறுபாடு செய்முறையில் இருந்து வருகிறது. எந்தத் தானியம், எவ்வளவு வறுப்பு, எவ்வளவு ஹாப் பூ, ஏல் ஈஸ்ட்டா லாகர் ஈஸ்ட்டா என்று கேட்க வேண்டும். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட்டைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகு, ஒரே சுவையை ஆயிரம் முறை திரும்பச் செய்ய முடிந்தது. பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பியர் இன்றும் காற்றில் வரும் ஈஸ்ட்டையே நம்புகிறது. அதைப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். கள்ளுக்கு நெருங்கிய உறவு அதுதான். லாம்பிக்குக்கு ஆண்டுகள், கள்ளுக்கு மணி நேரங்கள். அதனால் கள்ளைச் சுவைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது இறக்கியது என்பது.

தானியத்தில் இருந்து வரும் மதுவும் நமக்குப் புதிதில்லை. அரிசியைக் களியாக்கி ஆற்றி, முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைக்கும் முறையை வலைஞர் குடியிருப்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. நெல்லால் ஆன கள்ளுக்குத் தோப்பி என்றொரு பெயரும் இருந்தது. இன்று இந்த டெல்டாவில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. செய்யும் கை போனால், பின்னாலேயே சொல்லும் போய்விடுகிறது.

காரைக்கால் கொட்டகைக்குப் பின்புறம் கள் இறக்கும் ஒருவரைப் பார்த்தேன். நெஞ்சில், முழங்கையின் உட்புறத்தில், பாதத்தின் ஓரங்களில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. பிள்ளைகளுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"விழுந்தா யாரு பாப்பாங்க? வேணாம்னுட்டேன்."

அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. தடை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் இந்த ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பதநீரோ கள்ளோ, இரண்டையும் தருவது ஒரே ஏற்றம், ஒரே சீவல். பாதுகாப்பாக ஏறவும், விழுந்தால் குடும்பம் தவிக்காமல் இருக்கவும் வழிசெய்யாவிட்டால், நாம் விவாதித்து முடிப்பதற்குள் ஏற ஆள் இருக்காது.

மாலையில் வேதாரண்யம் திரும்பினேன். காலையில் பார்த்த பெரியவர் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். நிமிர்த்தி, சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து, உட்புறம் முழுக்க ஒரு சுற்றுத் தடவினார். அளக்கவில்லை. கலயத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, அன்றைக்கு இரண்டாம் முறையாக ஏறத் தொடங்கினார்.