டப்பாவில் உறங்கிய எழுத்து

“பொன் வைக்கும் இடத்தில் பூ வை” என்பது நம் பெரியோர் வாக்கு. எங்கள் வீட்டுப் பீரோவிலோ பொன் வைக்கும் இடத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது! சென்ற அரையாண்டு விடுமுறையில் வெள்ளையடிப்பதற்காகப் பீரோவை ஒழித்தபோது அது எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் அக்காளும் தங்கையுமாக இருவர். இப்பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கிறோம். நகையோ நாணயமோ என்று ஆவலுடன் மூடியைத் திறந்தோம். உள்ளே ஒன்பது கறுப்புச் சதுரத் தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“இது என்னக்கா, கணினியில் ‘சேவ்’ பண்ண அழுத்துற படம் மாதிரியே இருக்கு!” என்றாள் எங்களில் இளையவள்.

குரல் கேட்டு வந்த அம்மா, ஒரு தகட்டை எடுத்து முந்தானையால் துடைத்தார். “இதுக்குப் பேரு பிளாப்பி. இதுலதான் உங்க அம்மாச்சி இருக்காங்க” என்றார்.

எங்கள் அம்மா 1998ஆம் ஆண்டில், திருமணத்திற்கு முன், பேருந்து நிலையத்தருகே ஒரு டி.டி.பி. நிலையத்தில் தட்டச்சுப் பணி செய்தவர். அம்மாச்சி எழுத்தறியாதவர். நடவும் களையெடுப்புமாக வாழ்ந்தவர். இரவில் படுக்கப் போகுமுன் அவர் தம் கதையைச் சொல்லச் சொல்ல, அம்மா நோட்டில் எழுதி, மறுநாள் மதிய உணவு வேளையில் கணினியில் ஏற்றி வைத்தாராம். 2005ஆம் ஆண்டு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அந்த நோட்டுகள் கூழாகிவிட்டன. பீரோவின் மேல் தட்டில் இருந்த டப்பா மட்டும் தப்பியது. ஆனால் அதற்குள் பிளாப்பியைப் படிக்கும் கணினிகள் எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லாமல் போயின. அம்மாச்சியும் காலமாகிவிட்டார். எங்களில் மூத்தவளுக்கு அப்போது வயது மூன்று, இளையவளோ பிறக்கவேயில்லை. அம்மாச்சியின் குரல் எங்கள் இருவருக்குமே நினைவில்லை.

தோழியரே! இந்தப் பிளாப்பியை நூல்களில் நெகிழ்வட்டு என்று எழுதுவார்கள். வெளிக்கூடு கெட்டியானது, உள்ளே இருக்கும் வட்டமோ காந்தப் பொடி பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஐ.பி.எம். நிறுவனம் 1971இல் எட்டு அங்குல அகலத்தில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் கையில் இருந்தது பிற்காலத்து மூன்றரை அங்குல வகை. ஒரு பக்கத்திற்கு 80 தடங்கள். தடத்திற்கு 18 துண்டுகள். துண்டுக்கு 512 பைட்டுகள். இரு பக்கமும் சேர்த்துக் கணக்கிட்டால் 14,74,560 பைட்டுகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தையே அதில் அடக்க முடியாது. ஆனால் ஓர் ஏழைத் தாயின் வாழ்க்கையை அடக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது!

விடுமுறை முடிந்ததும் எங்கள் கணினி ஆசிரியையிடம் ஓடினோம். அவர் முதலில் கூறியது, “அவசரப்பட்டு எதையும் டிரைவில் போட்டுவிடாதீர்கள்” என்பதே. ஒவ்வொரு பிளாப்பியின் உலோகக் கதவையும் மெல்ல விலக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டில் வெண்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்படியே போட்டால் பூஞ்சை டிரைவின் படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடுமாம். அவ்விரண்டையும் தனியே வைத்தோம். பிறகு ஒவ்வொன்றின் மூலையிலும் உள்ள சிறு தாழைத் தள்ளி, துளை திறந்திருக்குமாறு செய்தோம். துளை திறந்திருந்தால் கணினி படிக்க மட்டுமே இயலும், எழுத இயலாது. மூன்றாவது பாடம்: கோப்புகளை நேரே திறக்கலாகாது. முதலில் வட்டு முழுவதையும் துண்டு விடாமல் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும்.

யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் பழைய பிளாப்பி டிரைவ் ஒன்றை அப்பா வாங்கித் தந்தார். “ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி” என்று அதை மாட்டினோம். கறகறவென்று அது சத்தமிட்டபோது எங்கள் நெஞ்சும் அதனுடன் சேர்ந்து அடித்துக்கொண்டது. ஆறு வட்டுகள் பழுதின்றிப் படிந்தன. ஆனால் அவற்றில் இருந்தவை திருமண அழைப்பிதழ்களும் கடை ரசீதுகளுமே. ‘அம்மா’ என்று நீல மையில் எழுதியிருந்த ஏழாவது வட்டுதான் தடுக்கித் தடுக்கி நின்றது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டோம். விடிந்து பார்த்தால், 2,880 துண்டுகளில் 11 மட்டுமே பாக்கி!

ஆர்வத்துடன் முதல் கோப்பைத் திறந்தோம். ஐயோ! தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. கோப்பு கெட்டுவிட்டதென்று கண் கலங்கினோம்.

அப்போது ஆசிரியை எங்களைத் தேற்றுவதற்காக ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறினார். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985இல் அமிகா என்னும் கணினியில் படங்கள் வரைந்தார். 1987இல் அவர் இறந்தபின் அந்த வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞரின் முயற்சியால், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தார் அவற்றைப் படித்தனர். கோப்புகள் கிடைத்தும் படங்கள் தெரியவில்லை. அவை எந்த மென்பொருளுக்கும் பிடிபடாத வடிவில் இருந்தன. மன்றத்தார் அந்த வடிவத்தின் புதிரை விடுவித்த பிறகே ஓவியங்கள் வெளிப்பட்டன. 2014 ஏப்ரலில் உலகம் அச்செய்தியை அறிந்தது. “வட்டைப் படிப்பது பாதி வேலை, அதன் மொழியை அறிவது மறுபாதி” என்றார் ஆசிரியை.

அன்று மாலை அந்தக் குப்பை எழுத்தை அம்மாவிடம் காட்டினோம். அம்மா சற்று நேரம் பேசாமல் பார்த்தார். அவர் விரல்கள் மேசையின்மேல் தாமாக அசைந்தன. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். “அம்மா” என்று வாசித்தார்! அடுத்த சொல்லையும் விரலாலேயே வாசித்தார். “இது பாமினி. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாச்சு, விரல் மறக்கலை!” என்று சிரித்தவரின் கண்கள் நிறைந்திருந்தன.

அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பம்போல் அமர்த்திக்கொண்டது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடிய பிறகு, தமிழக அரசு டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. எங்கள் அம்மா தட்டச்சு செய்த 1998இலோ அப்படிப்பட்ட பொது ஏற்பாடு தமிழகத்தில் இல்லை. பாமினி என்று தெரிந்ததும், எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள் நொடியில் வேலையை முடித்தது.

திரையில் அம்மாச்சி பேசினார்! “எனக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. ஆனா பள்ளிக்கூடத்து மணி தெரியும். அந்த மணி அடிச்சா நான் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கிட்டு வயலுக்குக் கிளம்பணும்.” அதைப் படித்த மறுநாள் காலை நம் பள்ளி மணி ஒலித்தபோது, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆறு கோப்புகள் கிடைத்தன. நான்காவதில் மட்டும், படியாமல் போன துண்டுகளால் இரண்டு பக்கங்கள் இல்லை. அதில் என்ன இருந்ததென்று அம்மாவுக்கும் நினைவில்லை. போனது போனதுதான்.

ஆனால் ஏழாவதாக ஒன்றும் இருந்தது! ஒரு கோப்பை அழிக்கும்போது அந்த வகை வட்டில் கணினி அதன் பெயரின் முதலெழுத்தை மாற்றிவிட்டு, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். தலையெழுத்து போனாலும் உடல் போகாது! மீட்பு மென்பொருளின் பட்டியலில், தலையில்லாமல் ‘ம்மா 7’ என்று அது நின்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்தோம்.

அம்மாவின் முகம் மாறியது. “வேண்டாம்டி. அது நான் தவறி அழிச்சது இல்லை. சொல்லி முடிச்சப்புறம் அம்மாச்சியே, ‘இதை மட்டும் அழிச்சிடு தாயி’ன்னு சொன்னாங்க” என்றார்.

அறையில் சற்று நேரம் அமைதி. ஆவல் எங்களைப் பிடித்துத் தள்ளியது உண்மை. படிக்கத் தெரியாத அம்மாச்சி, தம் சொற்களில் எது நிற்கலாம், எது நிற்கலாகாது என்று முடிவு செய்திருந்தார். அவர் இல்லை என்பதற்காக அந்த முடிவும் இல்லாமல் போய்விடுமா? அந்தப் பிரதியையும் அழித்துவிட்டு, ஆறு கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டோம். பிளாப்பியை அம்மாவே டப்பாவில் வைத்து மூடினார். மீட்கத் தெரிந்தது ஒரு கல்வி. மீட்காமல் விடத் தெரிந்தது மற்றொரு கல்வி. முன்னதை ஆசிரியையிடமும் பின்னதை அம்மாவிடமும் கற்றோம்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் பீரோவிலும் இத்தகைய தகடுகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆக்கர் கடைக்குப் போடுமுன் ஒருமுறை பாருங்கள். எழுதியவர் இருக்கும்போதே கேளுங்கள். கிடைத்ததை இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். அம்மாச்சியின் ஆறு கோப்புகளையும் அச்சிட்டுத் தைத்து, பீரோவில் அந்த டப்பாவின் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். பொன் வைக்கும் இடம் அதுதானே!