ஐந்து விசைகளும் ஒரே நூலிழையும்

வீட்டில் ஒரு பழைய பொருள் இயங்க மறுத்தால் "இதன் காலம் முடிந்தது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. எது ஓய்ந்தது, எது இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொறுமையாய்ப் பிரித்துப் பார்ப்பவர்கள் சிலரே. அப்படிப் பார்த்ததினால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

மும்பை தாராவியில் நாங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்த நாட்களில், 1987-ஆம் ஆண்டு, என் அண்ணன் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழைய விலைக்கு வாங்கி வந்தார். இங்கிலாந்தில் 1982-இல் வெளிவந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் அது. உள்ளங்கை இரண்டின் அகலம். 40 ரப்பர் விசைகள். 48 கிலோபைட் நினைவகம். தொலைக்காட்சியே அதன் திரை, டேப் ரிக்கார்டரே அதன் பெட்டகம்.

அண்ணன் 2019-இல் எங்களை விட்டுப் பிரிந்தார். அவருடைய பெட்டியில் "வீட்டுக் கணக்கு 1988" என்று அவர் கையெழுத்திட்ட கேசட் ஒன்று இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அறிய அம்மா ஆசைப்பட்டார்கள். இயந்திரம் உயிர்பெற்றது. ஆனால் ஒய், யூ, ஐ, ஓ, பி என்னும் ஐந்து விசைகள் அசையவில்லை. கேசட்டைப் படிக்கச் சொல்லும் கட்டளைக்கு மேற்கோள் குறி இரண்டு வேண்டும்; அந்தக் குறியோ பி விசையில் இருக்கிறது. வீடு முழுவதும் இருந்தும் வாசற்கதவு திறவாத நிலை!

பழுதுபார்க்கும் கடையில், "போர்டு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள்" என்றார்கள். அண்ணன் மகனோ, "சித்தப்பா, எந்தெந்த விசை வேலை செய்யவில்லை என்று முதலில் எழுதிப் பார்ப்போம்" என்றான். அதுவே சரியான வழி.

இந்த விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. ரப்பருக்கு அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் மின்தடங்கள் அச்சிடப்பட்டுள்ளன. 40 விசைகளும் ஐந்தைந்தாக எட்டு அரைவரிசைகளாய்ப் பிரிந்திருக்கின்றன. அந்தத் தாளிலிருந்து இரண்டு நாடாக்கள் இறங்குகின்றன; ஒன்றில் எட்டுத் தடங்கள், மற்றொன்றில் ஐந்து. அடுத்தடுத்த ஐந்து விசைகள் ஒருமிக்க ஓய்ந்தால், பெரும்பாலும் எட்டுத் தட நாடாவில் ஒரு தடம் அறுந்திருக்கும். அரைவரிசைக்கு ஒன்றாக எட்டு விசைகள் ஓய்ந்தால், ஐந்து தட நாடாவைப் பார்க்கவேண்டும். ஒரே ஒரு விசை மட்டும் ஓய்ந்தால், கோளாறு அந்த விசையின் கீழேயே இருக்கக்கூடும்.

இந்த இயந்திரத்துக்கு மின்பொத்தான் இல்லை. ஆகவே மின்செருகியைப் பிடுங்கிவிட்டே திறந்தோம். டார்ச் வெளிச்சத்தில், எட்டுத் தட நாடா செருகுமிடத்துக்குச் சற்று மேலே மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது அந்த ஒரு தடத்தில் மட்டும் தொடர்பு அறுந்திருந்தது. பல ஆண்டுகளின் வெப்பத்தில் பிளாஸ்டிக் இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. இது காலத்தின் வேலை, யாரையும் குறைசொல்வதற்கில்லை. வெடிப்பு நுனிக்கருகே இருந்தபடியால் சில மில்லிமீட்டர் வெட்டிவிட்டு, நாடாவை நேராகப் பிடித்து மீண்டும் செருகினோம். வெடிப்பு மேலே இருந்திருந்தால் புதிய தாளே மாற்றவேண்டும். இந்நாளிலும் அதைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

ஐந்து விசைகளும் உயிர்பெற்றன. கேசட் சுழன்றது. திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமான கோடுகள் ஓடி, பின்பு நீலமும் மஞ்சளுமாய் மாறின. மூன்றாம் முயற்சியில் கணக்கு வந்தது. அரிசி, மண்ணெண்ணெய், ஊருக்கு மணியார்டர், பஸ் என்று மாதவாரியாக, ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள். மே மாதம்வரை பஸ்ஸுக்கு 40 ரூபாய். ஜூன் முதல் பஸ்ஸுக்கு நேராகப் பூஜ்யம். மணியார்டரில் 40 ரூபாய் கூடுதல்.

அம்மா வெகுநேரம் திரையையே பார்த்திருந்தார்கள். "அந்த ஜூன் மாதந்தான் ஊரில் ஆச்சி படுத்த படுக்கையானது. பிள்ளை நடந்தே வேலைக்குப் போயிருக்கிறான் தம்பி. ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்றார்கள்.

அருமையானவர்களே, பல காரியங்கள் ஒரே நேரத்தில் ஓய்ந்துபோனால், முழுவதும் அழிந்தது என்று எண்ணாதிருங்கள். அவற்றுக்குப் பொதுவாயிருக்கும் ஓர் இழையைத் தேடுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கேசட்டுகள் இருக்கலாம். நாடா இன்னும் நைந்துபோகுமுன் அவற்றைப் பிரதியெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று மேலே எழுதி வையுங்கள். அதைச் சொல்லத்தக்க பெரியவர்கள் உங்களோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.